மாதிரிக்குப் போட்ட பெயர்கள்

சிதம்பரம்
20 அக்டோபர் 2024

பெலிசியா,

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்கு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் என் கையெழுத்தை நீ பார்த்ததில்லை. கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் பழைய எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. புது எண்ணை நம் ஆபீஸ் சுவேதாவிடம் கேட்டேன். "குடுத்தன்னா என்னைய கொன்னுடுவா, ஆள விடு" என்று வைத்துவிட்டாள். முகவரிதான் எனக்கு மனப்பாடம். அது மனப்பாடமான கதை உனக்கே தெரியும்.

நடந்ததை ஒரே ஒரு முறை என் பக்கத்திலிருந்து சொல்ல விடு. மஞ்சக்குப்பம் கல்யாண மண்டபத்துக்கு நாம் செய்த வெப்சைட். நீ டிசைன், நான் கோடிங். எந்தத் தேதி யாருக்கு என்று காட்டும் காலண்டர் காலியாக இருந்தால் மண்டபக்காரருக்குப் புரியாது என்று மாதிரிக்கு ஒரு கல்யாணத்தைப் போட்டது நீ. பாலகுமார் - பெலிசியா. பெண்ணின் தந்தை இருதயசாமி, கடலூர் முதுநகர். தெரு, கதவு எண், ஃபோன் எண் எல்லாம் சேர்த்து. பார்த்துச் சிரித்துக்கொண்டே, கடைசியில் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். எம்.டி. அவசரப்படுத்தினார். சைட் அப்படியே வெளியே போய்விட்டது.

மகன் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கப் போன உங்கள் பங்குக் கோவில் தேவசகாயம் கண்ணில் அது பட்டது. "ஏன்யா, பொண்ணு கல்யாணத்த எங்கிட்டயே மறைச்சிட்டியே" என்று அவர் உன் அப்பாவிடம் சண்டைக்குப் போனார். உன் அப்பா கிரீஸ் அப்பிய சட்டையோடு பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு, நம் ஆபீஸுக்கே வந்து நின்றார். "யாரு இந்தப் பாலகுமாரு? இது நெசமா?" என்று அவர் கேட்டபோது மொத்த ஆபீஸும் என்னைப் பார்த்தது.

"இல்லீங்க அங்கிள், சும்மா மாதிரிக்குப் போட்டது. இன்னிக்கே எடுத்துடுறோம்" என்றேன். வேறென்ன சொல்ல? நிஜம் என்று சொன்னால் உன்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனார், அது வேறு.

நீ போன மறு மாதமே நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் தேர்வு அறிவிப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் தட்சிணாமூர்த்தி சார் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் நாள் முழுக்க ஏலக்காய் மெல்லுவார்.

எப்படி இருக்கிறாய்? ஒரு வரி எழுது.

பாலகுமார்

கடலூர் முதுநகர்
2 நவம்பர் 2024

பாலா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்திருந்தேன். இன்று கல்லறைத் திருநாள். காலையில் அம்மா கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். செத்தவர்களின் பாவங்களுக்காகவே மன்றாடுகிற நாளில், உயிரோடு இருக்கிறவன் கடிதத்தைப் பிரித்தால் என்ன குறைந்துவிடும் என்று பிரித்தேன்.

நம்பர் தர மாட்டேன். ஃபோன் செய்தால் நீ அந்தப் பக்கம் "ம்" என்பாய். அந்த "ம்"மைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். கடிதத்தில் "ம்" போட்டு ஒப்பேற்ற முடியாது. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அதனால் கடிதமே இருக்கட்டும்.

அப்பா என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லிவைக்காதே. நீ சொன்னதைக் கேட்டு அவர் "சரிப்பா" என்று திரும்பி நடந்தார். நான்தான் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அதற்கு மேல் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது? கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. மறுநாள் எம்.டி. ஃபோனில், இனி வர வேண்டாம் என்றார். போகிற எண்ணம் எனக்கும் இல்லை.

என்னைக் காப்பாற்றினாயாம். நான் கேட்டேனா?

யோசித்துப் பார், பாலா. ஆஸ்பத்திரி சைட்டில் மாதிரிக்கு நீ டாக்டர், நான் குணமான நோயாளி. நகைக்கடை சைட்டில் "என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தார், ரொம்பப் பிடித்திருக்கிறது - பெலிசியா" என்று நீ எழுதிப்போட்டாய். பள்ளிக்கூட சைட்டில் முதல் ராங்க் வாங்கிய பிள்ளைக்கு "பா. மேரி ஷாலினி" என்று நான் பெயர் வைத்தேன். அந்த இனிஷியல் யாருடையது என்று நீ கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் இரண்டாம் வகுப்புப் பட்டியலில் அவளுக்கு ஒரு தம்பியைச் சேர்த்து வைத்திருந்தாய். அன்று நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

நான்கு வருடத்தில் வாயால் ஒரு வார்த்தை பேசிக்கொண்டோமா? இல்லை. நமக்குள் இருந்ததெல்லாம் அந்த மாதிரிகள்தான். அதைத்தான் என் அப்பா முன்னால் "சும்மா" என்று சொன்னாய்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயே, சொல்கிறேன். வீட்டிலேயே வேலை பார்க்கிறேன். முதல் க்ளையண்ட் பண்ருட்டி முந்திரி வியாபாரி. "சார் எப்ப வருவாரும்மா?" என்று மூன்று முறை கேட்டார். சார் இல்லை, நான்தான் என்றதும் "சரி, சார் வந்தாப் பேசிக்கலாம்" என்கிறார்.

பெலிசியா

சிதம்பரம்
4 டிசம்பர் 2024

பெலிசியா,

டி.வி.யில் கடலூர் வெள்ளத்தைக் காட்டுகிறார்கள். முதுநகர் தெருக்களில் படகு போகிறது. அதில் உன் தெரு எது என்று தெரியாமல் சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். உன் எண் என்னிடம் இல்லை. சுவேதா எடுக்கவில்லை.

நேற்று காலை பஸ் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர், "முதுநகருக்குள்ளலாம் போவாது சார், எறங்கிக்கோங்க" என்றார். இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நீ சொன்ன எல்லாவற்றுக்கும் பதில் எழுதி வைத்திருந்தேன். இப்போது எதுவும் வேண்டாம். நல்லபடியாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

பாலா

கடலூர் முதுநகர்
18 டிசம்பர் 2024

பாலா,

நல்லபடியாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து சேர்வதற்குள் வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, நாங்கள் வீட்டைக் கழுவியும் விட்டோம்.

கண்டக்டர் சொன்னால் இறங்கிவிடுவாயா? எம்.டி. முறைத்தால் உட்கார்ந்துவிடுவாய், என் அப்பா கேட்டால் இல்லை என்பாய், கண்டக்டர் சொன்னால் இறங்கிவிடுவாய். பஸ் உள்ளே போகாது என்றால் இறங்கி நடக்க வேண்டியதுதானே? கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பஸ் ஏறினாய் என்ற ஒரு வரியை மட்டும் பலமுறை படித்தேன். அது உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

தண்ணீர் வாசற்படி ஏறியதும் அப்பா முதலில் தூக்கியது என் கம்ப்யூட்டரைத்தான். அவருடைய சாமான் பெட்டி மூழ்கிவிட்டது. படகு எஞ்சின் மெக்கானிக்குக் கை கால் மாதிரி அந்தப் பெட்டி. "என்னுது துரு ஏறினா தேச்சிக்கலாம், ஒன்னுது அப்படியா?" என்றார்.

முந்திரிக்காரர் வழிக்கு வந்துவிட்டார். வெளியூர்க்காரர்கள் கொட்டையைப் பார்த்து வாங்குவதற்காக சைட் செய்தால், அவர் தன் படத்தைக் கொட்டையைவிடப் பெரிதாகப் போடச் சொல்கிறார். சென்னை வடபழனியில் என் முதல் ஏஜென்சியில் மூன்று வருடம் ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று பேனர் மட்டுமே செய்தேன். மஞ்சள் போடு என்றால் மஞ்சள், சிவப்பு போடு என்றால் சிவப்பு. புதுச்சேரியில் எம்.டி. சொன்னதுதான் டிசைன். இப்போது முதல் முறையாக, "அது சரிவராதுண்ணே" என்று ஒரு க்ளையண்டின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதோடு வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அவர், "நீ சொன்னா சரிதாம்மா" என்று படத்தைச் சின்னதாக்கச் சம்மதித்துவிட்டார். இவ்வளவுதானா இது என்று இருந்தது.

டிசைன் வரைந்துவிட்டேன். சைட்டாகக் கட்டித் தர ஆள் இல்லை. நீ இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடித்திருப்பாய். கேட்க மாட்டேன். நானே கோடிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டனை நடுவில் நிறுத்த இரண்டு நாள் ஆனது. அது நின்றபோது, பக்கத்தில் உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வாயைத் திறந்துவிட்டேன்.

பெலிசியா

சிதம்பரம்
20 ஜனவரி 2025

பெலிசியா,

நீ திட்டியது நன்றாக இருந்தது. யாரும் என்னைத் திட்டுவதில்லை. தட்சிணாமூர்த்தி சார் ஏலக்காய்தான் நீட்டுகிறார்.

பொங்கலுக்கு அப்பாவோடு குமராட்சி வயலுக்குப் போயிருந்தேன். அறுப்பு நடக்கிறது. வரப்பில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன், கேள். மேல வீதியில் மாடியில் ஒரு அறை வாடகைக்கு வருகிறது. ஜன்னலைத் திறந்தால் கோபுரம். வேலையை விட்டுவிடுகிறேன். "பாலா வெப் டிசைன்ஸ்" என்று ஒரு போர்டு. நீ டிசைன், நான் கோடிங், பழையபடி. வெளியே போய் க்ளையண்டுகளிடம் பேசுவதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், "சார் எங்கே" என்று யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். நீ நிம்மதியாக வரைந்துகொண்டிருக்கலாம். இரண்டு நாற்காலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம்.

தங்கை தமிழ்ச்செல்விக்கு வைகாசியில் கல்யாணம். இப்போது வீட்டில் உன் பேச்சை எடுத்தால் அவள் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. அது முடிந்ததும் நானே உன் அப்பாவைப் பார்த்துப் பேசுகிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வாயா?

இங்கே நடராஜர் கோவில் தெருவில் தினமும் மாலை நடக்கிறேன். எதிரே வருகிற பெண்களில் யாராவது உன்னைப் போலத் தோளில் பையைக் குறுக்காக மாட்டியிருந்தால், அவர்கள் கடந்து போகும்வரை நின்றுவிடுகிறேன்.

பாலா

கடலூர் முதுநகர்
9 மார்ச் 2025

பாலா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கோபமும் ஒரு காரணம்.

உன் மேல வீதி அறையை நானும் பார்த்தேன், மனதுக்குள்தான். ஜன்னல், கோபுரம், இரண்டு நாற்காலி. ஆசையாக இருந்தது. அப்புறம் வாசலில் அந்த போர்டைப் பார்த்தேன். வடபழனியில் ஒரு எம்.டி., புதுச்சேரியில் ஒரு எம்.டி., இப்போது மேல வீதியில் தாலி கட்டின எம்.டி.யா? "சார் எங்கே" என்று கேட்கிறவர்களுக்கு நீ சாராக வந்து நிற்கிறாயாம். அவர்கள் அப்படிக் கேட்காதபடி செய்ய நான் இங்கே தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். அதனால்தான் ஜாஸ்தி வலித்தது.

முந்திரி சைட்டை நானே கட்டி முடித்துவிட்டேன். ஓடுகிறது. அதைப் பார்த்துத் திருவதிகையில் ஒரு பாத்திரக்கடை, கம்மாபுரத்தில் ஒரு போர்வெல் கம்பெனி என்று வேலை வந்திருக்கிறது. போர்வெல்காரர் என்னிடம் சாரைக் கேட்கவே இல்லை.

இன்னொரு விஷயம். திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு வரன். மஸ்கட்டில் வேலை. ஈஸ்டர் கழிந்து பெண் பார்க்க வருவதாகத் தேவசகாயம் மாமா வந்து சொன்னார். அவர் போனதும் அப்பாவிடம் போனேன். உன் தங்கை கல்யாணம் முடிகிறவரை காத்திருக்க என்னால் முடியவில்லை. அப்பா முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த மண்டபத்துல போட்டது மாதிரிக்கு இல்ல. நான் நெசமாத்தான் போட்டேன்" என்றேன்.

அவர் நிமிராமல், "அந்தப் பையன் இல்லன்னானே?" என்றார்.

"பயந்துட்டாம்ப்பா."

பம்பைத் துடைத்துக் கீழே வைத்தார். மதத்தைப் பற்றிப் பேசுவார், சாதியைப் பற்றிப் பேசுவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்திருந்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"பயந்தவனக் கட்டிக்கினு என்னம்மா பண்ணுவ?" என்றார்.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்காக நீ வந்து சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிட்டேன். இனி உனக்கு அந்தச் சிரமம் இல்லை. டிசைனுக்கு நீ தேவையில்லை, கோடிங்குக்கும் தேவையில்லை, க்ளையண்டிடம் பேசவும் தேவையில்லை. ஆனால் ஒரு பக்கத்தை முடித்த கையோடு இன்னமும் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே சுவர்தான் இருக்கிறது. எத்தனை க்ளையண்ட் வந்தாலும் இது மட்டும் சரியாகவில்லை.

அப்பா கேட்ட கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் வந்து சொல். வைகாசிவரை தள்ளிப்போடுவதாக இருந்தால் எழுதவும் வேண்டாம்.

பெலிசியா

கடலூர் பஸ் ஸ்டாண்ட்
22 மார்ச் 2025

பெலிசியா,

பெஞ்சில் உட்கார்ந்து தொடைமேல் பையை வைத்து எழுதுகிறேன். உன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்.

நீ கம்மாபுரம் போயிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். சொல்லாமல் வந்தது என் தப்பு. சொல்லிவிட்டு வந்தால் நடுவில் எங்கேயாவது இறங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"நான் பாலகுமாருங்க" என்றேன். "தெரியுது" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "அன்னிக்குப் பயந்துட்டேங்க. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு நீங்க கேட்டீங்க இல்ல, நெசமான்னு. நெசம்தாங்க."

"ஒங்க வூட்ல சொல்லிட்டியா?"

"நேத்து சொன்னேங்க. அப்பா வயலுக்குப் போயிட்டாரு. அம்மா பேசல. சோறு மட்டும் போட்டாங்க. மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்னு தங்கச்சி அழுவுறா. எது வந்தாலும் நானே போயி பேசுறேன்னு சொல்லியிருக்கேன்."

உன் அப்பா, "இத எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற? இல்லன்னு அவள முன்னால வெச்சிக்கினு சொன்ன. ஆமான்னும் அவள வெச்சிக்கினு சொல்லு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலைவரை உன் தெருமுனை டீக்கடையில் நின்றேன். கம்மாபுரம் பக்கமிருந்து நீ வருவதற்குள் இருட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இருட்டியும் நின்றிருப்பேன். பெண் இருக்கிற வீட்டுத் தெருவில் நாள் முழுக்க ஒருவன் நிற்கிறான் என்று பேச்சு வந்தால் அது உன்னைத்தானே பாதிக்கும்? அதனால்தான் நகர்ந்தேன். இந்த ஒரு முறை பயத்தில் நகரவில்லை, நம்பு.

உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உன் மேஜை தெரிந்தது. நீ எழுதியது போலவே இடது பக்கம் சுவர்தான். மேஜையைக் கொஞ்சம் இழுத்தால் ஒரு நாற்காலி போடலாம் என்று தோன்றியது. போர்டு உன் பெயரிலேயே இருக்கட்டும். போர்டே இல்லாவிட்டாலும் சரி. நான் கல்லூரி வேலையில் இருந்துகொண்டு, சாயங்காலத்தில் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

எப்போது வரட்டும்? பஸ் கிளம்பப் போகிறது.

பாலா

கடலூர் முதுநகர்
26 மார்ச் 2025

பாலா,

அன்று நான் வீடு வந்தபோது அப்பா எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல எனக்குச் சோறு போட்டார், வழக்கம்போலச் செய்தி பார்த்தார். நீ வந்தது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். படித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். "ஏம்ப்பா சொல்லல?" என்று கத்தினேன். "அவன் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

நீ நின்ற டீக்கடைக்குப் போய் நானும் ஒரு டீ குடித்தேன். நான் பொதுவாகக் கடையில் நின்று குடிப்பதில்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நேற்று இரவு சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "அந்தப் பையன் மீன் துன்னுவானா?" என்றார்.

"மாட்டாம்ப்பா. அவங்க வூட்ல சைவம்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எங்கள் அப்பா தவக்காலத்தில் கறியை விடுவார், மீனை விட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே துறைமுகத்துக்குப் போய், தானே பார்த்து வாங்கி, தானே ஆய்ந்து, தானே குழம்பு வைப்பார். அம்மா இறந்த வாரத்தில்கூட, வந்திருந்த சொந்தக்காரர்களுக்காக அந்தக் குழம்பை வைத்தார். அதனால் நான் பயந்துபோய், படுக்கப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. இந்த வாரம் நான் மீனு வாங்கல."

வா.

பெலிசியா